ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஜப்பானிலும் கொரியாவிலும் கடந்த இருபது ஆண்டுகளில் ஓங்கி வளர்ந்த ஒரு கதை வகை. இந்த அரங்கின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் பலருக்கு அது அத்துப்படி. முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குப் புதிதாக இருக்கக்கூடும். இரு தரப்பும் ஒரே அரங்கில் இருப்பது நல்ல வாய்ப்பு என்று கருதியே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கதை இப்படித் தொடங்கும். சாதாரண மனிதர் ஒருவர் திடீரென இறந்துபோகிறார். லாரி மோதி இறப்பது இந்த வகைக் கதைகளில் ஏறத்தாழ ஒரு மரபாகவே ஆகிவிட்டது. கண் விழித்தால், தாம் விளையாடிய கணினி விளையாட்டின் உலகத்திலோ, அந்த விதிகளின்படியே இயங்கும் வேறோர் உலகத்திலோ இருக்கிறார். அங்கே அவர் வீரனாகவோ இளவரசியாகவோ பிறந்திருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் பெயர்கூட இல்லாத ஊர்க்காரராக, நாயகன் ஒரே வெட்டில் வீழ்த்திவிட்டுப் போகும் பூச்சியாக, கதையின் பாதியில் சாக வேண்டிய துணைப்பாத்திரமாக அவர் பிறந்திருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும்போது சின்னப் பையன் ஒருவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். அப்படி ஒருவருடைய கண்ணால் முழு ஆட்டத்தையும் பார்த்தால் என்ன தெரியும்? இக்கதைகள் எழுப்பும் கேள்வி இதுதான். ஜப்பானியர் இவற்றை ‘இசேகாய்’, அதாவது வேற்றுலகக் கதைகள் என்கிறார்கள். 2024இல் அச்சொல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது.

1. எண்ணால் அளக்கும் உலகம்

இந்த உலகத்தின் இயல்பை முதலில் பார்த்துவிடுவோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். ஆடுபவர் பகடைகளை உருட்டித் தம் பாத்திரத்தின் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, சுறுசுறுப்பு, கவர்ச்சி என்ற ஆறு பண்புகளுக்கும் எண்கள் குறித்துக்கொள்வார். மனிதன் ஒருவனை ஆறு எண்களில் எழுதிவிடலாம் என்ற எண்ணம் அங்கிருந்து கணினிக்குப் போயிற்று. 1981இல் வந்த ‘விசார்ட்ரி’ போன்ற அமெரிக்க விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட யூஜி ஹோரி என்ற ஜப்பானியர், 1986 மே மாதம் ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டைக் கொண்டுவந்தார். ‘டிராகன் பால்’ சித்திரக்கதையின் ஆசிரியர் அகிரா தொரியாமா அதற்குப் பாத்திரங்களை வரைந்தார்.

அந்த விளையாட்டில் ஆடுபவர் முதன்முதலில் சந்திக்கும் எதிரி ‘ஸ்லைம்’ என்னும் நீலநிற வழுவழு உயிர். நீர்த்துளி வடிவம், உருண்டைக் கண்கள், சிரித்த வாய். அந்த உலகத்திலேயே எளிதில் சாகும் உயிர் அதுதான். ஊர்களில் நிற்கும் மக்களோ, அருகே போய்ப் பேசினால் தமக்கு எழுதித் தரப்பட்ட வாசகத்தைச் சொல்வார்கள். மறுபடி பேசினால் அதையே மறுபடி சொல்வார்கள். நாயகன் உலகைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவான். அவர்கள் அங்கேயே நிற்பார்கள்.

ஜப்பானில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் இந்த உலகத்தில் வளர்ந்தார்கள். ஸ்லைமைக் கொன்று கொன்று படிநிலை ஏறினார்கள். உழைத்தால் எண் கூடும், எண் கூடினால் அடுத்த ஊருக்குப் போகலாம் என்பது விளையாட்டு அவர்களுக்குத் தந்த வாக்குறுதி. அவர்கள் பெரியவர்களானபோது நாடு அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. 1993 முதல் சுமார் பத்தாண்டுகள் பட்டம் பெற்று வெளியே வந்தவர்களுக்கு நிரந்தர வேலை கிடைப்பது அரிதாயிற்று. அந்தக் காலத்தை அவர்கள் வேலைவாய்ப்பின் பனியுகம் என்றே அழைக்கிறார்கள். இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக ஆள் எடுத்து வேலை முடிந்ததும் அனுப்பிவிடும் முறை, 2004இல் தொழிற்சாலைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் எண் கூடாத வாழ்க்கை பலருக்கு வாய்த்தது.

அதே 2004இல்தான், யாரும் இலவசமாக எழுதலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற ஏற்பாட்டோடு ‘ஷோசெட்சுகா நி நரோ’ என்ற இணைய எழுத்துக்களம் தொடங்கப்பட்டது. பதிப்பாசிரியரின் வாசலில் காத்துக்கிடக்கத் தேவை இல்லாத எழுத்தாளர்கள் இங்கே உருவானார்கள். பெரும்பாலோர் புனைபெயரில், அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார்கள். 2010க்குப் பிறகு வேற்றுலகக் கதைகள் அங்கே வெள்ளமெனப் பெருகின. சிறுகதைப் போட்டி நடத்தியவர்கள், இந்த வகைக் கதை வேண்டாம் என்று விதி போடும் அளவுக்கு அவை பெருகிவிட்டன. அந்தப் பெருக்கில் குப்பை ஏராளம். நான் பேசப்போவது அதில் மிஞ்சி நிற்கும் சிலவற்றைப் பற்றி.

2. சிலந்தியின் கண்

ஒகினா பாபா எழுதிய ‘நான் ஒரு சிலந்தி, அதனாலென்ன?’ என்ற பொருள்படும் கதை 2015இல் தொடங்கியது, 2021இல் ‘அனிமே’ என்னும் ஜப்பானிய அசைவூட்டப் படத் தொடராகவும் வந்தது. ஒரு பள்ளி வகுப்பில் பழஞ்ஜப்பானியப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. வேறோர் உலகத்தில் நடந்த போரின் விளைவாக வெடிப்பு நேர்ந்து வகுப்பே இறந்துபோகிறது. வகுப்பிலிருந்த ஒருவன் அந்த உலகத்தில் இளவரசனாகப் பிறக்கிறான். இன்னொருவர் பிரபுவின் மகளாகிறார். நம் கதாநாயகியோ பாதாளக் குகை ஒன்றில் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள், சிலந்திக் குஞ்சாக. சுற்றிலும் அவளுடைய உடன்பிறப்புகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன.

அவளிடம் இருப்பது 100 திறன் புள்ளிகள். பொருள்களின் தன்மையை அறியும் ‘மதிப்பிடல்’ என்ற திறனை அத்தனையையும் கொடுத்து வாங்குகிறாள். கதைகளில் படித்தவளாயிற்றே, இது கையில் இருந்தால் உலகமே புத்தகம்போல் விரியும் என்று நம்புகிறாள். எதிரே உள்ள கல்லைப் பார்த்து மதிப்பிடுகிறாள். விடை: ‘கல்’. சுவரை மதிப்பிடுகிறாள். விடை: ‘சுவர்’. கடைசியில் தன்னையே மதிப்பிட்டுப் பார்க்கிறாள். ‘சிலந்தி, பெயர் இல்லை’ என்று வருகிறது.

படிக்கும்போது சிரிப்பு வரும் இடம் இது. ஆனால் நின்று யோசித்துப் பாருங்கள். அந்த உலகத்தின் அளவுகோல் அவளைப் பற்றிச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அவள் மனம் தளராமல் பார்க்கும் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப மதிப்பிடுகிறாள். திறன் படிப்படியாக வளர, அளவுகோல் சொல்லும் விவரமும் பெருகுகிறது. பிறகு நூலால் ஒரு கூடு கட்டி, அதைத் தன் வீடு என்று கொண்டாடுகிறாள். மனிதர்கள் வந்து அதைக் கொளுத்திவிடுகிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல இடமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அது ஓர் ஆபத்தான பூச்சியின் வலை என்பது மட்டும்தான். நாம் விளையாடும்போது அந்த மனிதர்களாகவே இருக்கிறோம். கூட்டுக்குள் இருந்தவளின் பக்கத்தை நமக்குக் காட்டுவதற்கு ஓர் எழுத்தாளர் தேவைப்பட்டார்.

இளவரசனாகப் பிறந்த வகுப்புத் தோழனின் கதையும் இடையிடையே வருகிறது. அவனுக்கு ஆசிரியர்கள் உண்டு, உணவு உண்டு, பாதுகாப்பு உண்டு. ஒரே வகுப்பறையில் ஒரே பாடம் கேட்டவர்களுக்குள் பிறப்பு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

3. பெயர் கொடுத்தல்

ஃபூசே என்ற புனைபெயரில் எழுதுபவரின் ஸ்லைம் கதை 2013இல் இணையத்தில் தொடங்கி, 2014இல் நூலாகி, 2018இல் அனிமே ஆயிற்று. கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 37 வயது மிகாமி சதோரு, தம் கீழ் பணிபுரியும் இளைஞனைக் காப்பாற்றப் போய்க் கத்திக்குத்துப்பட்டு இறக்கிறார். மறுபிறப்பில் அவர் ஒரு ஸ்லைம். முன்பு நான் சொன்ன அதே கடைநிலை உயிர். அவருடைய புதுப்பெயர் ரிமுரு.

இந்தக் கதையில் ரிமுரு பெறும் ஆற்றல்களைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் இடம். காட்டில் ‘கோப்ளின்’ என்னும் குட்டிப் பூதங்களின் குடியிருப்பு ஒன்று ஓநாய்க் கூட்டத்தின் தாக்குதலுக்கு அஞ்சி நடுங்குகிறது. ரிமுரு அவர்களைக் காப்பாற்றுகிறார். பிறகு அவர்களைக் கூப்பிட நினைக்கும்போதுதான் தெரிகிறது, அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை. கீழ்நிலை உயிர்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ரிமுரு அவர்களை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவருக்கும் பெயர் சூட்டத் தொடங்குகிறார். பெயர் கொடுப்பவருடைய ஆற்றல் பெயர் பெறுபவருக்குப் போய்ச் சேரும் என்பது அந்த உலகத்தின் விதி. அது தெரியாமலே கொடுத்துக்கொண்டே போன ரிமுரு சுருண்டு விழுகிறார், மூன்று நாள் அசைய முடியாமல் கிடக்கிறார். எழுந்து பார்த்தால் கூனிக் குறுகிக் கிடந்தவர்கள் நிமிர்ந்து, உடல் தேறி, வேறு ஆட்களாக நிற்கிறார்கள்.

விளையாட்டில் கோப்ளின் என்பது கொன்று புள்ளி பெறுவதற்கான பொருள். அதற்குப் பெயர் வைத்த கணத்தில் அதைக் கொல்வது கொலையாகிவிடுகிறது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் செயலுக்கு, அழைப்பவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற விதியை இந்தக் கதை வைத்திருப்பதில் ஆழமான அறவுணர்வு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இங்கே நம் மரபிலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திருமூலர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். கயிலையிலிருந்து வந்த சிவயோகியார், சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் காண்கிறார். பசுக்களின் துயர் பொறாமல் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு இடையனின் உடலில் புகுகிறார். பசுக்களை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பினால் பழைய உடல் அங்கே இல்லை. பெரிய யோகி, ஊர் பெரிதாக எண்ணாத ஓர் இடையனின் உடலிலேயே தங்கிவிடுகிறார், அந்தப் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறார். இதற்கும் ஜப்பானியக் கதைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர் ஏன் பாய்ந்தார் என்ற கேள்வியைச் சேக்கிழார் தெளிவாக வைத்திருக்கிறார். இரக்கத்தால் பாய்ந்தார். வேற்றுலகக் கதைகளை எடைபோடவும் அந்தக் கேள்வி நமக்கு உதவும்.

4. எங்கே தவறுகிறது

இக்கதைகளின் மீது எனக்கு மரியாதை உண்டு என்பதாலேயே அவற்றின் குறைகளையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

முதல் குறை, எளியவனைக் காட்டிவிட்டு மறுநிமிடமே அவனுக்குக் குறுக்குவழி கொடுத்துவிடுவது. யோமு மிஷிமாவின் கதை ஒன்று, பெண்களுக்கான காதல் விளையாட்டு ஒன்றின் உலகத்தில், ஏழைப் பிரபு ஒருவரின் மகன் லியோனாகப் பிறந்தவனைப் பற்றியது. விளையாட்டின் கூட்டக் காட்சிகளில் பின்னணியில் நிற்கும் முகங்களில் ஒருவன் அவன். தொடக்கம் அருமை. ஆனால் அவன் எழுவது எப்படி? முற்பிறவியில் அந்த விளையாட்டை முடிப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிய விண்கலம் ஒன்று எங்கே புதைந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். உயிரைப் பணயம் வைத்துத்தான் போகிறான், மறுக்கவில்லை. எனினும் அதை எடுத்த பிறகு அந்த உலகத்தில் அவனுக்கு ஈடில்லை. காசும் முன்னறிவும் உள்ளவன் வென்றான் என்ற பழைய செய்திதான் எளியவன் வேடத்தில் நம்மிடம் வருகிறது.

கொரியாவில் 2016இல் சுகோங் எழுதத் தொடங்கிய ‘சோலோ லெவலிங்’ கதையில் அரக்கர்களைக் கொல்லும் வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் ‘இ’ முதல் ‘எஸ்’ வரை தரம் உண்டு. ஒருமுறை கிடைத்த தரம் பிறகு மாறுவது மிக அரிது. நாயகன் சங் ஜின்-வூ கடைசித் தரத்தின் கடைசி ஆள். தாயின் மருத்துவச் செலவுக்காக அடிபட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறான். அக்காலத்தில் கொரிய இளைஞர்கள் தம்மைத் தங்கக் கரண்டிக்காரர், மண் கரண்டிக்காரர் என்று பிறப்பின் வசதியால் பிரித்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே இந்தத் தரவரிசை அவர்களுக்குக் கற்பனையாகப் படவில்லை. தொடக்க அத்தியாயங்களில் அந்த வலி உண்மையாக இருக்கிறது. பின்னர் நாயகனுக்கு மட்டும் படிநிலை ஏறும் வரம் கிடைக்கிறது. கதை வளர வளர மற்ற எல்லோரும் அவனை வியந்து பார்ப்பதற்காகவே நிற்கிறார்கள். ஊர்க்காரர்கள் மறுபடியும் ஒரே வாசகம் பேசுபவர்களாகிவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அனெகோ யூசாகியின் கேடயவீரன் கதையில், தாக்க முடியாத, தடுக்க மட்டுமே முடிந்த கேடயத்தோடு நவோஃபுமி என்ற இளைஞன் இன்னோர் உலகத்துக்கு அழைக்கப்படுகிறான். பொய்ப்பழி சுமத்தப்பட்டு ஊரால் ஒதுக்கப்படுகிறான். தன்னால் தாக்க முடியாது என்பதால் அவன் செய்வது, நோயுற்ற ஒரு சிறுமியை அடிமைச் சந்தையில் விலைக்கு வாங்குவது. அவளிடம் அன்பாக இருக்கிறான், உணவும் மருந்தும் தருகிறான் என்பதெல்லாம் உண்மை. ஆயினும் கதை அடிமைமுறையைக் கேள்வி கேட்பதற்குப் பதிலாக நல்ல எசமானைக் காட்டி அமைதி காண்கிறது. மிதிபட்டவன் தன்னைவிட மிதிபட்டவளை உடைமையாக்கிக்கொள்வதை எந்தத் துயரமும் நியாயப்படுத்தாது.

ஆகவே இந்த வகைக் கதைக்கு நான் வைக்கும் உரைகல் ஒன்றுதான். கீழே கிடந்தவன் எழுந்த பிறகு, இன்னும் கீழே கிடப்பவர்களை எப்படிப் பார்க்கிறான்? அவர்களுக்கு முகமும் பெயரும் சொந்த விருப்பங்களும் இருக்கின்றனவா? இருந்தால் அது எளியவரின் கதை. இல்லையென்றால் அது வலியவன் கதையேதான், தொடக்கம் மட்டும் மாறியிருக்கிறது.

5. ஒரு தாள் செய்யும் கதை

இந்த உரைகல்லில் நன்றாகத் தேறும் கதை ஒன்றை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். மியா கசுகியின் ‘புத்தகப் புழு’ கதை 2013 முதல் 2017 வரை இணையத்தில் வெளிவந்தது. இது விளையாட்டு உலகம் அல்ல. ஆனால் அதே களத்தில், அதே வாசகர்களுக்காக எழுதப்பட்ட மறுபிறப்புக் கதை. நூலகர் வேலையில் சேரவிருந்த இளம்பெண் நிலநடுக்கத்தில் சரிந்த புத்தகங்களுக்கடியில் இறந்து, வேறோர் உலகத்தில் கோட்டைவாயில் காக்கும் படைவீரர் ஒருவரின் நோயாளி மகள் மைனாகக் கண் விழிக்கிறாள். வயது ஐந்து. தெருக்கோடி வரை நடந்தாலே காய்ச்சல் வந்துவிடும். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லை. புத்தகம் பிரபுக்களின் உடைமை, அவள் அப்பாவின் சம்பளத்தில் அது கனவு.

சரி, நாமே செய்துகொள்வோம் என்று தொடங்குகிறாள். புல்லின் நாரைப் பின்னித் தாள் செய்யப் பார்க்கிறாள். விரல் அளவு பின்னுவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. களிமண் பலகையில் எழுதிச் சுடுகிறாள், அடுப்பில் வெடித்துச் சிதறுகிறது. மரச்சிலாம்புகளில் எழுதிச் சேர்த்து வைக்கிறாள், அம்மா விறகென்று நினைத்து எரித்துவிடுகிறார். அந்த அம்மாவைக் கதை பழிப்பதில்லை. குளிர்நாட்டில் விறகு பொறுக்கிக் குடும்பம் நடத்துபவருக்குச் சிலாம்பு விறகுதான். முடிவில் அண்டை வீட்டுப் பையன் லுட்ஸ் துணைக்கு வருகிறான். அவன் மரத்தை வெட்டுகிறான், பட்டையை வேகவைக்கிறான். அவளுக்கு முறை தெரியும், உடம்பில் வலு இல்லை. அவனுக்கு வலு உண்டு, முறை தெரியாது. இருவருமாகச் சேர்ந்து தாள் செய்துவிடுகிறார்கள்.

மைனுக்குள்ளும் பெரிய மந்திர ஆற்றல் இருப்பது பிறகு தெரியவருகிறது. அந்த ஆற்றல்தான் அவளை நோயாளியாக்கி உயிரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அது கதையை மேலே கொண்டு போகிறது என்றாலும் கதையின் உயிர் அந்தத் தாளில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை அது மறப்பதில்லை. மைன் உயர்கிறாள். லுட்ஸும் தனக்கென்று ஒரு விருப்பம் உள்ளவனாக, தன் வீட்டாரோடு போராடி வணிகம் கற்பவனாக வளர்கிறான். அவன் துணைப்பாத்திரம், ஆனால் ஒப்புக்கு நிற்பவன் இல்லை.

6. நம் மாணவர்களுக்கு

இந்தக் கதைகளை நம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு ஆர்வத்தோடு படிக்கிறார்கள், பார்க்கிறார்கள் என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. மதிப்பெண், தரவரிசை, கட்-ஆஃப் என்று எண்களாலேயே தினமும் அளக்கப்படும் பிள்ளைக்கு, ‘சிலந்தி, பெயர் இல்லை’ என்று காட்டும் அந்தத் திரை புதிதல்ல. அந்தத் திரைக்குப் பின்னால் யோசிக்கிற, பயப்படுகிற, வீடு கட்டிக்கொள்கிற ஓர் உயிர் இருக்கிறது என்று யாரோ எழுதியிருப்பது அவர்களுக்கு ஆறுதல். அந்த ஆறுதலைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளை பார்க்கும் தொடரின் முதல் இரண்டு பகுதிகளையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கீழே இருப்பவர்களை இந்தக் கதை எப்படி நடத்துகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். நல்ல விமர்சனம் அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கும்.

மொழித்துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுத் தலைப்புத் தேடி வரும் மாணவர் இந்த வகைக் கதைகளின் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். சேக்கிழாரையும் சிலந்தியையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர்களே நாளைய ஒப்பிலக்கியத்தை வளர்ப்பார்கள்.

எழுத விரும்பும் இளைஞர்களே, உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஜப்பானில் இக்கதைகளை எழுதியவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. நீங்களும் காத்திருக்க வேண்டாம். அவர்களுடைய குகைகளையும் கோட்டைகளையும் இரவல் வாங்கவும் வேண்டாம். நீங்கள் எழுதப்போகும் உலகத்தில் ஓரமாக நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு ஒரு பெயர் கொடுங்கள். அவர் நேற்று என்ன சாப்பிட்டார், எதற்குப் பயப்படுகிறார், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். அவரை வெல்லவைக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அவரை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் நிச்சயம் உண்டு.